துடிப்புக்கு ஒரு துலாக்கோல்

கடைக்காரரின் தராசில் ஏறும் எடைக்கல்லைத் திருப்பிப் பார்த்தால் அதன் அடியில் சிறிய முத்திரை ஒன்று இருக்கும். அந்தக் கல், தன்னினும் துல்லியமான வேறொரு கல்லோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது என்பதே அம்முத்திரையின் பொருள். அரிசி வாங்குவோர் எவரும் கல்லைத் திருப்பிப் பார்ப்பதில்லை. ஆயினும் அம்முத்திரையின்மேல் உள்ள நம்பிக்கையால்தான் வணிகம் நடைபெறுகிறது. இன்று பலருடைய மணிக்கட்டில் திறன் கைக்கடிகாரம் இடம்பெற்றுவிட்டது. நிமிடத்திற்கு 72, 118, 164 என அது இதயத் துடிப்பை ஓயாமல் எண்ணிக் காட்டுகிறது. அந்த எண்ணுக்கு முத்திரை இட்டவர் யார்? எந்தக் கருவியோடு ஒப்பிட்டு இட்டார்?

இவ்வினா விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் உரியதன்று. மாரடைப்பிலிருந்து மீண்ட ஒருவரிடம், நடைப்பயிற்சியின்போது துடிப்பு 110ஐத் தாண்டலாகாது என மருத்துவர் அறிவுறுத்தியிருக்கலாம். உண்மையான துடிப்பு 130ஐ எட்டிவிட்ட வேளையில் அவருடைய கடிகாரம் 104 என்று காட்டினால், அவர் அச்சமின்றி நடையைத் தொடர்வார். மாறாக, 100 மட்டுமே உள்ளபோது 150 என்று காட்டினால், நலம் தரும் நடையையே கைவிட்டுவிடுவார். ஆகவே, கடிகாரத்தைச் சோதிப்பது இன்றியமையாதது. அச்சோதனைக்கு எந்த ஒப்பீட்டுக் கருவியைத் தேர்ந்தெடுப்பது என்பது அதற்கும் முந்தைய பணி. ஒப்பீட்டுக் கருவி பிழைபட்டால் நல்ல கடிகாரமும் தீயதாகத் தோன்றும். தீயதும் நல்லதாகத் தோன்றும்.

மின்னும் ஒளியும்

இதயத் தசை சுருங்குவதற்குச் சற்று முன்னர் அதனூடே மின்தூண்டல் ஒன்று பரவுகிறது. வலது ஆரிக்கிளில் தோன்றி வெண்ட்ரிக்கிள்களை அடையும் அத்தூண்டலின் சாயல், மார்பின் தோல்மீது ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட் அளவே தென்படும். சுவர்க் கடிகாரத்தில் இடும் 1.5 வோல்ட் மின்கலத்தோடு ஒப்பிட்டால் அது ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு. இத்துணை நுண்ணிய மின்னழுத்தத்தை மனித உடலின் மேற்பரப்பிலிருந்து முதன்முதலில் 1887ஆம் ஆண்டில் இலண்டனில் பதிவுசெய்தவர் அகஸ்டஸ் வாலர். அவர் கையாண்ட பாதரச நுண்குழாய்க் கருவி, விரைந்து மாறும் அலைகளைப் பின்தொடர இயலாமல் தடுமாறியது.

நெதர்லாந்தின் லெய்டன் நகரில் பணியாற்றிய வில்லெம் ஐந்தோவன் இக்குறையைப் போக்கினார். வலிய காந்தத்தின் இடையே மெல்லிய இழை ஒன்றை நிறுத்தி அவர் உருவாக்கிய கருவி ஏறத்தாழ 270 கிலோ எடை கொண்டது. அதனை இயக்க ஐவர் தேவைப்பட்டனர். சோதனைக்கு வந்தவர் இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்க் கலங்களில் அமிழ்த்தி அமர்ந்திருப்பார். அலைகளுக்குப் பி, கியூ, ஆர், எஸ், டி எனப் பெயரிட்டவரும் அவரே. 1924ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. இ.சி.ஜி. என இன்று அனைவரும் வழங்கும் இதய மின் வரைபடத்தில் ஊசிமுனைபோல் உயர்ந்து நிற்பது ஆர் அலை. அடுத்தடுத்த இரண்டு ஆர் அலைகளுக்கு இடையிலான நேரத்தை நொடியில் கண்டு, 60ஐ அதனால் வகுத்தால் துடிப்பெண் கிடைக்கும். இடைவெளி 0.8 நொடி எனில் துடிப்பு 75.

பெரும்பாலான கைக்கடிகாரங்கள் தொடர்ந்து துடிப்பை எண்ணும்போது மின்னைப் பார்ப்பதில்லை, ஒளியைப் பார்க்கின்றன. கடிகாரத்தின் அடிப்புறத்தில் உள்ள ஒளி உமிழ் டையோடு பச்சை ஒளியைத் தோலினுள் செலுத்துகிறது. குருதி பச்சை ஒளியை மிகுதியாக உறிஞ்சும். நாளங்களில் குருதி நிறையும் கணத்தில் திரும்பிவரும் ஒளி சற்றே குறைகிறது, வடியும்போது கூடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தைக் கடிகாரம் எண்ணுகிறது. கையை வீசும்போதும் நாளங்களில் குருதி அலைபாயும். கடிகாரமும் தோலின்மேல் சற்றே நகரும். நிமிடத்திற்கு 160 அடிகள் வைத்து ஓடும் ஒருவருக்குக் கடிகாரம் அந்த 160ஐயே இதயத் துடிப்பாகக் காட்டிவிடும் பிழை நன்கு அறியப்பட்டது. கால் வைக்கும் தாளத்தைக் கருவி நெஞ்சின் தாளமாகக் கொண்டுவிடுகிறது.

எனவே, இ.சி.ஜி. எண்ணுவது இதயத்தின் மின்நிகழ்வை. கடிகாரம் எண்ணுவது மணிக்கட்டை வந்தடையும் நாடியை. நலமான உடலில் இரண்டின் எண்ணிக்கையும் ஒன்றே. ஆரிக்கிள்கள் ஒழுங்கின்றி நடுங்கும் நோய்நிலையில் அவ்வாறு இருப்பதில்லை. வெண்ட்ரிக்கிள் நிரம்பும் முன்னரே சுருங்கிவிட்டால் மின்னலை தோன்றும். ஆனால், மணிக்கட்டை எட்டும் அளவுக்குக் குருதி வெளிப்படாது. அந்நிலையில் இ.சி.ஜி. 110 எனவும் நாடி 90 எனவும் காட்டலாம். வராத நாடியை எண்ணாமல் விட்டது கடிகாரத்தின் குற்றமாகுமா? தான் அளப்பதைப் பொறுத்தவரை அது பிழை செய்யவில்லை. 'இதயத் துடிப்பு' என்று திரையில் பெயரிட்டதே பிழை. சோதிப்பவர் எதனை அறிய விரும்புகிறார் என்பதை முதலிலேயே வரையறுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று இல்லை.

எந்த இ.சி.ஜி.?

இ.சி.ஜி. என்றதும் நினைவுக்கு வருவது மருத்துவமனையில் படுக்க வைத்து, கைகால்களிலும் மார்பிலும் மின்முனைகளைப் பொருத்தி எடுக்கும் வரைபடமே. அதன் தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகரும். பெரும்பாலும் பத்து நொடிப் பதிவோடு பணி முடிந்துவிடும். நோயறிவதற்கு அது சிறந்த கருவி. ஓடுபவரின் கடிகாரத்தைச் சோதிப்பதற்கோ அது உதவாது. அரைமணி நேர ஓட்டத்தில் ஏறத்தாழ நாலாயிரம் துடிப்புகள் நிகழும்போது, படுத்திருந்த பத்து நொடிகளின் பன்னிரண்டு துடிப்புகளைக் கொண்டு எதனை நிறுவ இயலும்? புகழ்பெற்ற கருவி என்பதும், விலை மிகுந்த கருவி என்பதும் ஒன்றை ஒப்பீட்டுக் கருவியாக்கிவிடுவதில்லை.

படுக்கையருகே வைக்கும் கண்காணிப்புத் திரையைப் பயன்படுத்தலாமே என எண்ணத் தோன்றும். அதன் திரையில் தோன்றும் எண், கடந்த சில நொடிகளின் சராசரி. இத்தகைய கருவிகளுக்கான அமெரிக்கத் தர வரையறை ஒன்று, துடிப்பெண்ணில் 10 விழுக்காடு அல்லது 5 துடிப்பு, இவற்றுள் எது மிகுதியோ அதுவரை பிழையை ஏற்கிறது. நோயாளிக்கு இடர் நேர்ந்தால் எச்சரிப்பதற்கு இது போதும். துடிப்பு 150 ஆக உள்ளபோது 15 வரை பிறழ அனுமதி பெற்ற ஓர் எண்ணைக் கொண்டு, 5 துடிப்புக்குள் பிறழும் கடிகாரத்தை எவ்வாறு மதிப்பிடுவது? ஒப்பிடப்படும் கருவியைக் காட்டிலும் ஒப்பீட்டுக் கருவி பன்மடங்கு நுண்மை உடையதாக இருத்தல் வேண்டும்.

டிரெட்மில் எனப்படும் ஓடுபொறியில் நடக்க வைத்து எடுக்கும் பன்னிரு தட இ.சி.ஜி. இப்பணிக்கு மிகவும் நெருங்கி வருகிறது. அதற்காகக் கைகால்களில் பொருத்தும் மின்முனைகளை உடற்பகுதிக்கு மாற்றி அமைக்கும் முறையை மேசன், லைக்கர் ஆகிய இருவரும் 1966ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கைகால்கள் அசைந்தாலும் அலை குலையாமல் இருக்க அம்மாற்றம் துணைபுரிகிறது. ஆயினும், அக்கருவியோடு கம்பிகளால் பிணைக்கப்பட்டவர் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே செல்ல இயலாது. மிதிவண்டி ஓட்டுதல், படியேறுதல், உறங்குதல் ஆகியவற்றைச் சோதிக்க ஹோல்டர் கருவியே ஏற்றது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர், 1940களின் இறுதியில் முதுகில் சுமக்கும் இ.சி.ஜி. கருவியைச் செய்தபோது அதன் எடை ஏறத்தாழ 38 கிலோ! இன்று அவர் பெயர் தாங்கிய கருவி உள்ளங்கையில் அடங்கும். நாள் முழுவதும் ஒவ்வொரு துடிப்பையும் பதிவுசெய்யும்.

விளையாட்டு வீரர்கள் அணியும் மார்புப் பட்டையும் இ.சி.ஜி. முறையிலேயே இயங்குகிறது. பின்லாந்து நாட்டில் உருவாகி 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த கம்பியில்லா மார்புப் பட்டையே இவ்வகைக்கு முன்னோடி. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் மருத்துவமனையினர் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 50 பேரை ஓடுபொறியில் இயங்கவைத்து இ.சி.ஜி.யோடு ஒப்பிட்டபோது மார்புப் பட்டையின் ஒத்திசைவு 0.99 என அமைந்தது. மணிக்கட்டுக் கருவிகள் நான்கும் 0.83 முதல் 0.91 வரையே எட்டின. அவ்வாறாயின் மலிவான பட்டையையே ஒப்பீட்டுக் கருவியாகக் கொள்ளலாகாதா? பலர் அவ்வாறே செய்கின்றனர். அதில் ஒரு தடை உண்டு. பெரும்பாலான பட்டைகள் தம் முடிவை மட்டுமே சொல்லும். அம்முடிவுக்கு அடிப்படையான அலையைக் காட்டமாட்டா. கடிகாரம் 140 எனவும் பட்டை 155 எனவும் கூறும்போது யார் சொல் மெய் எனத் தீர்ப்பளிக்க வழியில்லை. பட்டை உலர்ந்திருந்ததா, ஆடையின் உராய்வால் மின்னேற்றம் ஏற்பட்டதா என்பதை அறிய அலைவடிவம் வேண்டும்.

ஒப்பீட்டுக் கருவியின் முதல் இலக்கணம் இதுவே: ஐயம் எழும்போது திரும்பிச் சென்று, அந்த நொடியின் அலையைக் கண்ணால் காணும் வாய்ப்பை அது தருதல் வேண்டும்.

நொடியின் நுண்பங்கு

இலக்கமுறைக் கருவி அலையைத் தொடர்ச்சியாகப் பதிவதில்லை. குறித்த இடைவெளியில் புள்ளி புள்ளியாக அளக்கிறது. நொடிக்கு 250 முறை அளக்கும் கருவியில் இரு புள்ளிகளுக்கு இடையே 4 மில்லி நொடி இருக்கும். ஆர் அலையின் முனை அவ்விடைவெளிக்குள் எங்கேனும் விழலாம். துடிப்பு 60 ஆக உள்ளபோது இதனால் பெரும் கேடில்லை. துடிப்பு 180 எனில் இரு அலைகளுக்கு இடையே 333 மில்லி நொடிதான் உண்டு. அதில் 4 மில்லி நொடி பிறழ்ந்தால் அத்துடிப்பின் வீதம் 178 ஆகிவிடும். நொடிக்கு 1000 முறை அளக்கும் கருவியிலோ பிறழ்ச்சி அரைத் துடிப்பளவே. பல துடிப்புகளின் சராசரியை மட்டும் ஒப்பிடுவோருக்கு 250 போதுமானது. துடிப்புக்குத் துடிப்பு நேரும் மாறுபாட்டை ஆராய்வோருக்கு 1000 தேவை. பெரிய எண்ணைக் கண்டதும் மயங்காமல், எதற்காக என்று வினவிக்கொள்ளுதல் நன்று.

நேர ஒருமை இதனினும் முதன்மையானது. ஆனால், சோதிப்போர் பலர் கோட்டை விடுவதும் இவ்விடத்திலேயே. ஒருவர் ஓடத் தொடங்கியதும் அவருடைய துடிப்பு ஒரு நிமிடத்தில் 90இலிருந்து 150க்கு உயர்வதாகக் கொள்வோம். நொடிக்கு ஒரு துடிப்பு வீதம் கூடுகிறது. இரு கருவிகளின் கடிகாரங்கள் எட்டு நொடி முன்பின்னாக ஓடினால், இரண்டும் சரியாக அளந்தபோதிலும் 8 துடிப்பு வேறுபாடு தோன்றும். ஓய்வெடுக்கும்போது துடிப்பு இறங்குமாதலால் அதே வேறுபாடு எதிர்க்குறியோடு தோன்றும். கூட்டிச் சராசரி கண்டால் பிழை சுழியம்! இல்லாத பிழை முதலில் தோன்றி, பிறகு தானே மறைந்தும்விடுகிறது. இதைத் தவிர்க்க, இரு கருவிகளின் நேரத்தையும் ஒரே திறன்பேசியிலிருந்து அமைப்பர். இரண்டிலும் அசைவுணரி இருந்து அதன் பதிவும் கிடைக்குமாயின், தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டையும் சேர்த்துப் பிடித்து மும்முறை தட்டுவர். இரு பதிவுகளிலும் தெரியும் மூன்று முனைகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திக்கொள்ளலாம்.

கருவி எத்துணை நன்றாயினும் அது தோலோடு கொள்ளும் தொடர்பு நன்றாக இல்லையேல் பயனில்லை. மின்முனை ஒட்டும் இடத்தில் முடியை மழித்து, எண்ணெய்ப் பசையையும் இறந்த தோலணுக்களையும் துடைத்து நீக்க வேண்டும். கம்பியை ஒரு சுற்று வளைத்து ஒட்டுப்பட்டையால் தோலோடு பிணைத்தால் கம்பியின் இழுப்பு மின்முனையை அசைக்காது. ஐந்து நிமிட வேலைதான். ஓட்டத்தின் நடுவே வியர்வையில் மின்முனை நழுவும்போது அதன் அருமை விளங்கும். தாமே சுற்றுகளை இணைத்து இ.சி.ஜி. கருவி செய்து பார்க்கும் ஆர்வம் மாணவர்க்கு எழலாம். அதனை மின்கலத்தால் மட்டுமே இயக்குதல் வேண்டும். மின்னிணைப்பில் செருகிய கருவியையோ கணினியையோ காப்பின்றி உடலோடு இணைப்பது உயிருக்கு ஊறு விளைவிக்கும்.

தேர்வருக்கும் தேர்வு

தேர்ந்தெடுத்த கருவியையும் சோதித்த பின்னரே நம்ப வேண்டும். அதற்கெனச் செயற்கை இ.சி.ஜி. அலைகளை உண்டாக்கும் சிறு பெட்டிகள் உள்ளன. 60, 120, 180 என அறிந்த வீதத்தில் அலைகளைச் செலுத்தி, கருவி அவ்வாறே காட்டுகிறதா எனப் பார்ப்பர். இது எளிய தேர்வு. இதில் தேறாத கருவி அரிது. உயர்ந்த டி அலை உடைய சிலரிடம் கருவி டி அலையையும் ஆர் அலையாகக் கொண்டு துடிப்பை இரட்டித்து எண்ணிவிடக்கூடும். தசைகளின் மின்னலைகளும் இடையே புகும். பெட்டியின் ஒழுங்கான அலைகள் இச்சிக்கல்களை எழுப்புவதில்லை.

கடினமான தேர்வுக்கு மெய்யான மனிதர்களின் பதிவுகள் வேண்டும். பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனமும் இணைந்து 1980ஆம் ஆண்டில் அத்தகைய தொகுப்பு ஒன்றை வெளியிட்டன. 47 பேரிடமிருந்து எடுத்த 48 அரைமணிப் பதிவுகள் அதில் உள்ளன. ஏறத்தாழ 1,10,000 துடிப்புகள். ஒவ்வொன்றையும் இதயநோய் வல்லுநர் இருவரோ அவரினும் மிகுதியானோரோ தனித்தனியே பார்த்துக் குறியிட்டனர். கருத்து வேறுபட்ட இடங்களைக் கூடி ஆராய்ந்து முடிவு கண்டனர். துடிப்பை எண்ணும் கணிமுறைகள் இன்றும் இத்தொகுப்பில் தம் திறனைக் காட்டியாக வேண்டும். கருவிக்குக் கருவி எனப் பின்னோக்கிச் செல்லும் சங்கிலியின் முனையில், தாளில் ஓடும் கோட்டைப் பொறுமையோடு நோக்கிய சில மனிதர்களின் கண்களே இருக்கின்றன.

யாரைச் சோதிப்பது என்பதும் கருவித் தேர்வோடு பின்னிப் பிணைந்தது. கருமை மிகுந்த தோலில் உள்ள மெலனின் பச்சை ஒளியை உறிஞ்சுவதால், கடிகாரத்தின் ஒளிமுறை அத்தோலில் தடுமாறக்கூடும் என்ற ஐயம் நெடுநாளாக உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2017ஆம் ஆண்டில் 60 பேரிடம் ஏழு கருவிகளைப் பன்னிரு தட இ.சி.ஜி.யோடு ஒப்பிட்டனர், கருமையான தோல் உடையோரிடத்துப் பிழை மிகுதி எனக் கண்டனர். டியூக் பல்கலைக்கழகத்தார் 2020ஆம் ஆண்டில் 53 பேரிடம், மார்பில் ஒட்டும் சிறு இ.சி.ஜி. கருவியைக் கொண்டு ஆராய்ந்தனர். தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை எனவும், ஓய்வைக் காட்டிலும் இயக்கத்தின்போது பிழை சராசரியாக 30 விழுக்காடு கூடுகிறது எனவும் கண்டனர். இரண்டும் நேர்மையான ஆய்வுகள். கருவிகளும் மக்களும் செயல்களும் வேறுபட்டமையால் விடைகளும் வேறுபட்டன. தம் தோலுக்கு எந்த விடை பொருந்தும் என அறிய விழையும் சமூகம், தம் மக்களை வைத்தே சோதனை நடத்த வேண்டியுள்ளது. மின்முனைக்கோ தோலின் நிறம் ஒரு பொருட்டன்று. ஒளியைச் சோதிக்க வேறோர் ஒளிக்கருவியைக் கொண்டால் இரண்டும் ஒரே பக்கம் பிறழ்ந்து, உடன்படுவதுபோல் தோன்றலாம். மின்னைக் கொண்டு ஒளியைச் சோதிப்பதன் நன்மை இங்குதான் தெளிவாகிறது.

எண்கள் கிடைத்தபின் அவற்றை ஒப்பிடும் முறையிலும் விழிப்பு வேண்டும். கடிகாரம் எப்போதும் 20 கூட்டிக் காட்டுவதாகக் கொள்வோம்: 60க்கு 80, 100க்கு 120, 150க்கு 170. இவற்றின் ஒட்டுறவுக் கெழு 1. அஃதாவது முழுமையான ஒட்டுறவு. ஆனால், ஓர் எண்கூடச் சரியில்லை. பிளாண்ட், ஆல்ட்மன் என்னும் புள்ளியியலார் இருவர் 1986ஆம் ஆண்டில் இதற்கு மாற்றுவழி கூறினர். ஒவ்வோர் இணைக்கும் வேறுபாட்டைக் கண்டு, அதனை இரண்டின் சராசரிக்கு எதிராக வரைபடத்தில் குறித்தால் பிழையின் முகம் வெளிப்படும். சராசரி வேறுபாடு 1 துடிப்பு மட்டுமே என்று விளம்பரம் கூறலாம். திட்ட விலக்கம் 6 எனில், இயல்நிலைப் பரவலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வேறுபாடுகள் 11 குறைவு முதல் 13 மிகுதி வரை பரவிக் கிடக்கும். நடைப்பயிற்சி செய்பவருக்குத் தேவைப்படுவது இந்த இரண்டாவது செய்தியே.

இறுதியாக, இரைச்சலால் அலை குலைந்த பகுதிகள் எஞ்சுகின்றன. மின்முனை அசைந்து ஆர் அலையே அடையாளம் தெரியாத நிமிடங்களை ஆய்வாளர் நீக்கிவிடுவது வழக்கம். வேறு வழியும் இல்லை. ஆனால், உடல் மிகுதியாகக் குலுங்கும் வேளையிலேயே இ.சி.ஜி. குலைகிறது, கைக்கடிகாரம் பெரிதும் பிறழ்வதும் அதே வேளையில்தான். அப்பகுதிகளைச் சொல்லாமல் நீக்கினால் கடிகாரத்தின் மிக மோசமான நிமிடங்கள் கணக்கிலிருந்து நழுவிவிடும். முப்பது நிமிடப் பதிவில் நான்கு நிமிடம் நீக்கப்பட்டது எனில் அதையும், அந்நேரத்தில் சோதிக்கப்பட்டவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் அறிக்கையில் எழுதுதல் வேண்டும். அந்த நான்கு நிமிடங்களில் கடிகாரம் காட்டிய எண் சரியா, தவறா என்பதை அச்சோதனையால் கூற இயலாது.